குறிப்பின்படி சங்கு ஊதியது

பதினாறில் உள்ள ஆறை அழித்துவிட்டு ஏழு என்று அடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். கிதாமினே தகவல் அமைப்பு நிறுவனத்தின் நான்காவது மாடியில் அந்த வேலை சரியாக நூறு நாட்கள் நடந்தது. அந்த நூறு நாளில் ஒருவரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டங்கள் மட்டும் நாற்பத்தொன்று.

ஆறைக் கண்டுபிடித்தவள் தொகாஷி மினாயே. நாற்பத்து நான்கு வயது. கிதாமினேயில் உட்கார்ந்து நிரல் எழுதினாலும் அவள் கிதாமினேயின் ஊழியர் இல்லை. கிதாமினே வேலையைக் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் இன்னொரு நிறுவனத்தின் ஊழியர். அதனால் அவள் கழுத்து அட்டையின் நாடா சாம்பல் நிறம். சொந்த ஊழியர்களுக்கு நீல நாடா. நீல நாடாக்காரர்களின் நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு.

மாகாணத்தின் வெள்ள எச்சரிக்கை நிரலை கிதாமினேதான் பராமரிக்கிறது. ஆற்றில் தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டினால், கரையோரக் கம்பங்களில் உள்ள சங்குகளை அந்த நிரல் ஒன்றிலிருந்து ஆரம்பித்து வரிசையாக ஊத வைக்கும். மொத்தம் பதினேழு கம்பங்கள். நிரலோ பதினாறு வரைதான் எண்ணும். பதினேழாவது கம்பம் மூன்று வருஷத்துக்கு முன்னால் நெகோசாவாவில் நட்டது. கம்பம் நட்டவர்கள் ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார்கள், நிரலுக்கு மட்டும் தகவல் கொடுக்கவில்லை.

மூன்று வருஷமாக யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் இருந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு எல்லாக் கம்பங்களும் பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்கும் பாட்டைப் பாடும். அதை ஓட்டுவது வேறொரு நிரல். நெகோசாவாவின் கம்பமும் ஒரு நாள் தவறாமல் பாடிக்கொண்டுதான் இருந்தது.

நெகோசாவாவில் இருபத்து மூன்று வீடுகள். அதில் ஒன்று மினாயேயின் அண்ணன் எய்ஜியின் வீடு. ஆற்றிலிருந்து அவனுடைய செர்ரித் தோப்புக்கு நூறு அடி.

மே பன்னிரண்டாம் தேதி காலை மினாயே பிரிவுத் தலைவர் ஒனுமாவின் மேசைக்குப் போய் நின்றாள். ஒனுமா நல்ல மனிதர். யாரையும் சத்தம் போட்டது கிடையாது. எதையும் செய்ததும் கிடையாது.

"ரொம்ப நல்லா கண்டுபிடிச்சீங்க தொகாஷி சான்" என்றார். "மழைக்காலத்துக்கு முன்னாடியே கண்ணுல பட்டுச்சே, பெரிய விஷயம்."

"மாத்திரட்டுமா தலைவரே? ஒரு எண்தான். இப்பவே ஆயிரும்."

ஒனுமா பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். நான்காவது மாடியில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

"மாத்தக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா அந்த ஃபங்ஷன் தலைமேல விளக்கக் குறிப்பு இல்லையே."

நிரலில் ஃபங்ஷன் எனப்படும் ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது என்ன செய்கிறது என்று இரண்டு வரி எழுதி வைப்பார்கள். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, அடுத்து வரும் மனிதனுக்காக எழுதுவது. கையை வைத்த துண்டைக் குறிப்பு இல்லாமல் விடக் கூடாது என்பது கிதாமினேயின் நான்காவது விதி, இரண்டாவது பிரிவு.

"நானே எழுதிடறேன்."

"அதான் சிக்கல். கையால எழுத ஏப்ரல்லேர்ந்து தடை."

தடைக்குக் காரணம் பக்கத்து மேசை ஸயெகுஸா. ஐம்பத்தெட்டு வயது சாம்பல் நாடாக்காரர். போன வருஷம் ஒரு துண்டின் தலையில் அவர் இப்படி எழுதினார்: 'இது ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. தொட்டால் நின்றுவிடும்.' கிதாமினேயின் வரலாற்றில் எழுதப்பட்ட குறிப்புகளிலேயே உண்மையான குறிப்பு அது. மாகாண அதிகாரி ஒருவர் தற்செயலாக அதைப் படித்துவிட்டார். ஒனுமாவும் அவருக்கு மேலே இருந்த இருவரும் பட்டுத்துணியில் சுற்றிய இனிப்புப் பெட்டியோடு போய்க் குனிந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு மனிதர்கள் குறிப்பு எழுதுவது ஆபத்து என்று முடிவானது.

இனி ப்ளகின் என்ற துணை நிரல் எழுதும். நிரல் எழுதும் எடிட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால், துண்டின் பெயரைப் பார்த்து அதுவே குறிப்பை எழுதிவிடும். அறுபது கம்ப்யூட்டரிலும் அதை நிறுவியாகிவிட்டது. எந்த வடிவில் எழுத வேண்டும் என்று சொல்லும் அமைப்பு ஃபைல் மட்டும் காலியாக இருந்தது. அதை யார் நிரப்புவது என்று முடிவாகவில்லை.

"நீங்களே பேச்செடுத்துட்டீங்க" என்றார் ஒனுமா சந்தோஷமாக. "நீங்களே அமைச்சிருங்க."

முதலில் வாயைத் திறந்தவர் தலையில் வேலையைக் கட்டுவது அங்கே எழுதாத சட்டம். அதனால்தான் அந்த மாடி அவ்வளவு அமைதியாக இருக்கும்.

மினாயே இருபது நிமிஷத்தில் அமைத்தாள். பன்னிரண்டு வரி. என்ன செய்கிறது, என்ன வாங்குகிறது, என்ன திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். சோதித்துப் பார்த்தாள். 'எல்லாக் கம்பங்களின் சங்கையும் ஊது' என்று பெயர் வைத்திருந்த துண்டின் மேல் பொத்தானை அழுத்தியதும், 'எல்லாக் கம்பங்களின் சங்கையும் ஊதச் செய்கிறது' என்று எழுதியது.

ஸயெகுஸா எட்டிப் பார்த்தார். "உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே இல்லையே."

"பேர மட்டும்தான் பாக்கும்."

"பேரப் பாத்தே குணம் சொல்ற ஜோசியக்காரன் மாதிரி. இங்க நல்லா பொழைச்சுக்கும்."

பன்னிரண்டு வரியும் தர மேம்பாட்டு அறைக்குப் போயிற்று. அறையின் தலைவர் ஹஸுமி. அவர் கடைசியாக நிரல் எழுதியது எப்போது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த வரிகளைத் திரையிலிருந்து படமாகப் பிடித்து, எக்ஸெல் தாளில் ஒட்டி, பெரிய காகிதத்தில் பதினோரு பிரதி எடுத்து மேசையில் பரப்பி வைத்திருந்தார்.

"தொகாஷி சான், தேதி இங்க கிறிஸ்து வருஷத்துல வருதே" என்று ஆரம்பித்தார்.

"ப்ளகின் அப்படித்தான் போடும்."

"மாகாணத்துக்குப் போற காகிதம் எல்லாமே பேரரசரோட ரெய்வா வருஷக் கணக்குலதான் போகணும்."

"இது காகிதம் இல்லையே."

"அச்சடிச்சா காகிதம்தானே."

வருஷத்திலிருந்து இரண்டாயிரத்துப் பதினெட்டைக் கழித்தால் ரெய்வா வருஷம் வந்துவிடும் என்றாள் மினாயே. ஆண்டுப்பெயர் மாறினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். பேரரசர் மாறும்போதுதான் ஆண்டுப்பெயர் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், அதை யோசிப்பதே மரியாதைக் குறைவு என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. கேட்டவர் மன்னிப்புக் கேட்டார். இந்த ஒரு விஷயத்துக்கு நான்கு கூட்டம்.

அடுத்தது மரியாதை. ஆறு மாகாணத்தின் சொத்து, மாகாணம் கிதாமினேயின் வாடிக்கையாளர். வாடிக்கையாளரின் தண்ணீர் வெறுமனே உயர்கிறது என்று எழுதலாமா என்று ஹஸுமி கேட்டார். மூன்று கூட்டம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தண்ணீர் உயர்ந்தருளும். கிதாமினேயின் துண்டு தாழ்மையுடன் சங்கை ஊதும். அபாயக் கோடு தாண்டப்பட நேர்ந்தமைக்கு ஒரு வருத்த வரியும் சேர்ந்தது. ஒரு பூந்தொட்டியைக்கூட நகர்த்தத் தெரியாத பதினோரு பேர் உட்கார்ந்து, ஒரு நதிக்கு எப்படிக் கும்பிடு போடுவது என்று மூன்று பிற்பகல் பேசினார்கள். மினாயே அந்த மூன்று பிற்பகலும் மடியில் கையை வைத்துக்கொண்டு பதினாறு, பதினாறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் பிறந்தது. கூட்டத்துக்குப் பிறகு அவள் ஹஸுமியைத் தாழ்வாரத்தில் பிடித்தாள்.

"அறைத் தலைவரே, குறிப்பு அது பாட்டுக்கு வரட்டும். அந்த எண்ணை மட்டும் முதல்ல மாத்திடறேன். மழை வந்திரும்."

"குறிப்பு இல்லாம மாத்தினா தெரிஞ்சிரும் தொகாஷி சான். ஒவ்வொரு வரியையும் நாங்க படிக்கிறோம்." கோபமே இல்லாமல், அன்பாகச் சொன்னார். "ஒண்ணு புரிஞ்சுக்கணும் நீங்க. நிரலைப் படிக்கிறது மெஷின். குறிப்பைப் படிக்கிறது மனுஷன். நாம மெஷினுக்கா வேலை செய்யறோம்? மனுஷனுக்கு. குறிப்பு சரியா இருந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

மீதிப் பாதி எது என்று அவள் கேட்கவில்லை. சாம்பல் நாடாக்காரியால் அதைக் கேட்க முடியாது. அவளுடைய ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது.

அதன் பிறகு முத்திரை வந்தது, கையெழுத்துக்குப் பதிலாக எல்லோரும் வைக்கும் பெயர் முத்திரை. குறிப்பை ஒப்புக்கொண்டவர்கள் யார் என்று குறிப்பிலேயே தெரிய வேண்டும். எழுத்துக்களாலேயே வட்டம் வரைந்து, அதற்குள் பெயர் வரும்படி மினாயே செய்து கொடுத்தாள். ஐந்து வட்டம், இடது ஓரத்தில் நிறுவனத் தலைவர், வலது ஓரத்தில் அவள். எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். ஹஸுமி மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா முத்திரையும் நேரா நிக்குதே."

காகிதத்தில் கீழே உள்ளவர் முத்திரை வைக்கும்போது மேலே உள்ளவரின் பெயர்ப் பக்கம் லேசாகச் சாய்த்து வைப்பார். தலை வணங்குவது போல. கிதாமினேயில் பிரிவுத் தலைவருக்குப் பத்துப் பாகை, ஒப்பந்த ஆளுக்கு முப்பது. எழுத்தால் வரைந்த வட்டமோ சாயாது.

"சாய்க்க முடியாதா?"

"எழுத்து நேராத்தான் நிக்கும் அறைத் தலைவரே. எடிட்டர் அப்படி."

"அப்ப தலைவருக்கு முன்னாடி நாம எல்லாரும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கறோம்னு ஆகுதே."

சாய்வு ஆராய்ச்சிக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். பதினெட்டு நாள். கடைசியில் ஒவ்வொரு வட்டத்தின் மேல்பாதியையும் ஓர் எழுத்து இடப்பக்கம் தள்ளி வைப்பது என்று முடிவாயிற்று. பார்ப்பதற்கு யாரோ மிதித்த பித்தளைத் தவலைபோல் இருந்தது. மினாயேயின் வட்டம் மூன்று எழுத்து தள்ளியிருந்ததால் அவள் பெயர் பாதி வெளியே விழுந்து கிடந்தது.

ஜூன் கடைசி ஞாயிறு அவள் நெகோசாவா போனாள். செர்ரி பறிக்க ஆள் பற்றாத நேரம். ஏணியில் நின்றபடியே எய்ஜியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இரு, இரு" என்றான் அவன். "சங்கு ஊதாதுன்னு ஒனக்குத் தெரியும். எதை மாத்தணும்னும் தெரியும். மாத்தற எடத்துலயே ஒக்காந்திருக்க. அப்பறம் ஏன் மாத்தல?"

"முத்திரை சாயணும்ணா."

"என்னது?"

அவள் மறுபடி விளக்கினாள். எய்ஜி பறித்த பழத்தை வாயில் போட்டு, கொட்டையைத் தரையில் துப்பினான்.

"எங்க தோப்புல மைனாவ வெரட்ட கேஸ் வெடி வச்சிருக்கேன். அதுக்குக்கூட ஒன் ஆபீசவிட மூளை ஜாஸ்தி. பறவை வந்தா வெடிக்கும்."

அண்ணனும் தங்கையுமாக ஊர்த்தலைவர் யாஹாகியின் வீட்டுக்குப் போனார்கள். எழுபத்தொரு வயது, தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளம் வந்தால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் கையேட்டை ப்ளாஸ்டிக் உறையில் போட்டு, தலைக்கவசத்தோடும் ஆரஞ்சு மேலங்கியோடும் வாசல் ஆணியில் மாட்டியிருந்தார். அவர் மனைவி தொமெ வெள்ளரி ஊறுகாயும் பார்லி டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

"சங்கு ஊதினதும் இருபத்து மூணு வீட்டுக்கும் போயி பேர் சரிபாக்கணும்" என்றார் யாஹாகி, கையேட்டைத் தட்டி. "நீ சொல்றதப் பாத்தா அது ஊதவே ஊதாதா?"

"ஊதாது பெரியவரே. மழை வலுத்தா நீங்க சங்குக்குக் காத்திருக்காதீங்க."

"தொகாஷி வீட்டுப் பொண்ணு பொய் சொல்லாது" என்று அவர் தலையாட்டினார். "நான் மாகாண ஆபீசுக்கு எழுதிக் கேக்கறேன். எழுத்துல கேட்டா எழுத்துல பதில் குடுத்துத்தான் ஆகணும்."

அவர் சொன்னது சரி. பதில் வந்தது.

ஜூலை பத்தாம் தேதி அமைப்பு ஃபைல் ஒப்புதல் பெற்றது. பன்னிரண்டு வரி முந்நூற்று நாற்பதாக வளர்ந்திருந்தது. நான்காவது மாடியில் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்து, ஒனுமா சுருக்கமாக இருபது நிமிஷம் பேசினார். அமைப்பு மினாயேயின் கம்ப்யூட்டரில் இருந்ததால் அங்கேயே பொத்தானை அழுத்தினார்கள். நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு துண்டுகளின் தலையிலும் ஒரே மூச்சில் குறிப்பு முளைத்தது. கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும் முன்பே மினாயே பார்த்துவிட்டாள். 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் ப்ளகின் எல்லாத் துண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டிருந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதோ அந்தக் கம்ப்யூட்டர்காரரின் பெயர். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வேறு யாரோ எழுதிய துண்டுகளுக்கும் பொறுப்பாளர் தொகாஷி மினாயே.

"இது தப்பு" என்றாள்.

"அடுத்த நிதியாண்டுல பாத்துக்கலாம்" என்றார் ஹஸுமி. "காலியா இருந்தாத்தான் தப்பு. நிரம்பியிருக்கே."

பிறகு அவரே சங்குத் துண்டின் குறிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்தருளும்போது எல்லாக் கம்பங்களின் சங்கையும் தாழ்மையுடன் ஊதச் செய்கிறது. விளைவு: எல்லாச் சங்குகளும் ஊதும்."

"ஊதாது. பதினாறுதான் ஊதும்."

"அப்ப குறிப்பு விதிப்படி இல்லையா?"

"குறிப்பு விதிப்படிதான் இருக்கு. நிரல்தான் தப்பு."

ஹஸுமி நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டார். "பயமுறுத்திட்டீங்க தொகாஷி சான்."

"இப்பவாவது எண்ணை மாத்திரட்டுமா?"

ஒனுமா மறுபடி பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். "இப்பத்தான எல்லாத் தேதியும் ஒண்ணா அமைஞ்சிருக்கு. ஒண்ணத் தொட்டா அதுக்கு மட்டும் தேதி மாறும். அஞ்சு முத்திரையும் திரும்ப வாங்கணும். தலைவர் வேற ஆகஸ்ட் நடுவுல வர்ற ஓபோன் விடுமுறை வரைக்கும் ஊர்ல இல்ல."

மறுநாள் மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. நெகோசாவா ஊர்த்தலைவர் எழுதிக் கேட்டிருக்கிறார், பதினேழாவது சங்கு ஊதுமா? ஹஸுமியின் அறை அன்றே பதில் அனுப்பியது. நான்காவது மாடியின் சரித்திரத்தில் ஒரு காரியம் அதே நாளில் முடிந்தது அந்த ஒரு தடவைதான். குறிப்பை அச்சடித்து, ரெய்வா தேதியோடும் ஐந்து சாய்ந்த முத்திரைகளோடும் இணைத்திருந்தார்கள். எல்லாச் சங்குகளும் ஊதும். பொறுப்பாளர் தொகாஷி மினாயே.

பதினான்காம் தேதி அந்தக் காகிதம் யாஹாகியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எய்ஜியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். "பாரு, எழுத்துல குடுத்துட்டாங்க. ஒன் தங்கச்சி பேரே போட்டிருக்கு. சரி பண்ணிடுச்சு பொண்ணு." அதை ப்ளாஸ்டிக் உறையில் கையேட்டுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார். மினாயே போன் செய்து, அது பொய், நம்பாதீர்கள் என்றாள். அவர் சிரித்தார். "முத்திரை இருக்கேம்மா" என்றார்.

ஜூலை இருபத்து நான்காம் தேதி மதியம் மழை நிற்காமல் பெய்தது. மூன்றேகாலுக்கு ஆறு அபாயக் கோட்டைத் தாண்டியது. நான்காவது மாடியின் பெரிய திரையில் கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. பதினாறு. வெற்றி என்று பச்சையில் எழுத்து வந்தது. மினாயே அதற்கு முன்பே எய்ஜியைப் போனில் பிடித்துவிட்டாள்.

எய்ஜி கேஸ் வெடியைத் தோப்பிலிருந்து கழற்றிக் குட்டி லாரியின் பின்னால் ஏற்றினான். தெருத்தெருவாக வெடித்துக்கொண்டே போனான். ஜனங்கள் திட்டிக்கொண்டே வெளியே வந்து, தண்ணீரைப் பார்த்து, மேட்டிலிருந்த கோயிலை நோக்கி ஓடினார்கள். தொமெயை அவனே தூக்கி லாரியில் உட்கார வைத்தான். யாஹாகி கம்பத்தடியில் நின்றிருந்தார். தலைக்கவசம், ஆரஞ்சு மேலங்கி, கழுத்தில் இருபத்து மூன்று பெயர் எழுதிய அட்டை.

"வாங்க பெரியவரே" என்று எய்ஜி கத்தினான்.

"நீ போ. சங்கு இன்னும் ஊதல. ஊதினதும் பேர் சரிபாத்துட்டு வந்துர்றேன். யாரையாவது விட்டுட்டா என்ன பண்றது?"

எய்ஜி தொமெயை இறக்கிவிட்டுத் திரும்பி வர நினைத்தான். நான்கு நாற்பதுக்குக் கரை உடைந்தது.

மினாயே போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அண்ணன் கோயில் படியில் மூச்சு வாங்குவது கேட்டது. யாரோ பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லாச் சத்தத்துக்கும் மேலே மெல்லிய இசை ஒன்று கேட்டது.

"கேக்குதா மினா?" என்றான் எய்ஜி. "அஞ்சு மணி. கம்பம் பாடுது."

தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டு நெகோசாவாவின் கம்பம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்தது. மூன்று அடியும் பாடி முடித்தது. மறுநாள் இரண்டு மைல் கீழே யாஹாகி கிடைத்தார். தலைக்கவசத்தின் வார் சரியாகப் பூட்டியிருந்தது. பெயர் அட்டை கழுத்தில் இருந்தது.

ஆகஸ்டில் விசாரணைக் கூட்டம் நடந்தது. கிதாமினேயில் தவறு நடந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்பார்கள், அத்தோடு காரணம் கிடைத்துவிடும்.

"சங்கு ஏன் ஊதல?" என்று ஒனுமா எழுந்து நின்று வாசித்தார். "எண் பதினாறா இருந்துச்சு. எண் ஏன் பதினாறா இருந்துச்சு? பொறுப்பாளர் மாத்தல. பொறுப்பாளர் ஏன் மாத்தல? அவசரத்தை மத்தவங்க மனசுல பதிய வைக்கல. ஏன் பதிய வைக்கல? பேச்சுத் திறமை போதல. ஏன் போதல? விழிப்புணர்வு கம்மி."

"மே பன்னெண்டாந் தேதி ஒங்க மேசையில வந்து சொன்னேன்" என்றாள் மினாயே.

"பதிவுல இல்லையே" என்றார் ஒனுமா, உண்மையிலேயே வருத்தத்தோடு.

"குறிப்பு சரியா இருந்துச்சு. நிரல்தான் குறிப்புக்குத் துரோகம் பண்ணிடுச்சு" என்றார் ஹஸுமி. "அதுல நமக்கு ஒரு சின்ன ஆறுதல். இருந்தாலும் மறுபடி நடக்கக் கூடாது. குறிப்புல இன்னொரு வரி சேத்துக்கலாம். 'ஊதுவது உறுதி செய்யப்பட்டது.' ப்ளகின் தானாவே 'ஆம்'னு போட்டுக்கற மாதிரி அமைச்சிருங்க தொகாஷி சான்."

அதோடு பொறுப்பாளர் என்ற முறையில் அவள் ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுத வேண்டும். மன்னிப்புக் கடிதம் மட்டும் அங்கே இன்னும் கையால்தான். மனசு தெரிய வேண்டுமாம்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி மதியம் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரத்தில், மினாயே சங்குத் துண்டைத் திறந்தாள். ஆறை அழித்து ஏழு அடித்தாள். இரண்டு விநாடி. மேலே இருந்த குறிப்பு முழுவதையும் அழித்துவிட்டுத் தன் கையால் எழுதினாள். 'இங்கே பதினாறு என்று இருந்தது. மே பன்னிரண்டிலிருந்து தொகாஷிக்கும் ஒனுமாவுக்கும் ஜூனிலிருந்து ஹஸுமிக்கும் தெரியும். யாஹாகி என்பவர் கம்பத்தடியில் காத்திருந்தார்.' சேமித்தாள்.

திரை ஒரு முறை மினுங்கியது. அவள் எழுதியது போய், நீர்மட்டம் உயர்ந்தருளும்போது தாழ்மையுடன் ஊதச் செய்வது திரும்பி வந்து உட்கார்ந்தது. சேமிக்கும்போதெல்லாம் கைக்குறிப்பை அழித்து விதிப்படி எழுத வேண்டும் என்று ஜூன் மாதம் ஒரு கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். அமைத்தவள் அவள்தான். நன்றாகவே அமைத்திருந்தாள்.

கீழே ஏழு மட்டும் அப்படியே இருந்தது. ப்ளகின் நிரலைத் தொடாது.

வெள்ளிக்கிழமை மாகாணத்துக்குப் போகும் நிரல் மூட்டையில் ஏழும் போயிற்று. ஒப்புதல் இல்லை, கூட்டம் இல்லை, முத்திரை இல்லை. மினாயே காத்திருந்தாள். ஹஸுமியின் அறையிலிருந்து யாராவது வருவார்கள், ஒவ்வொரு வரியையும் படிக்கிறவர்கள் ஆயிற்றே. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. யாரும் வரவில்லை.

"எத்தனை வருஷமா படிக்கிறாங்க அவங்க?" என்று ஸயெகுஸாவிடம் கேட்டாள்.

"படிக்கிறதா?" அவர் சோற்றை மென்றுகொண்டே சொன்னார். "அந்த அறைல எடிட்டரே கெடையாதும்மா. குறிப்பை அச்சடிச்சுக் குடுப்பாங்க. அதத்தான் படிப்பாங்க."

அன்று அவள் மன்னிப்புக் கடிதத்தை எழுதினாள். ப்ளகின் அழித்ததை எல்லாம் பேனாவால் எழுதினாள், தேதி தேதியாக, யார் என்ன சொன்னார்கள் என்று. கடைசியில் தன் முத்திரையை வைத்தாள், நட்டுக்குத்தாக.

மூன்றாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. எழுதியிருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. முத்திரையைச் சுற்றி மட்டும் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம், பக்கத்தில் ஹஸுமியின் கையெழுத்து: 'முப்பது பாகை. மறுபடி வைக்கவும்.'

மினாயே மறுபடி வைக்கவில்லை. ஒரு உறையை எடுத்து, பள்ளிக்கூட மைதானத்தில் போட்ட தற்காலிக வீடுகளில் தொமெ இருக்கும் வீட்டின் முகவரியை எழுதினாள். கடிதத்தை மடிக்கும் முன், சிவப்பு வட்டத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்தாள்.

'மே பன்னிரண்டாம் தேதியே நான் யாரையும் கேட்காமல் மாற்றியிருக்கலாம். ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.'